பாரந்தூக்கி

கடையிலேயே பொட்டலத்தைத் திருப்பி
ஹலால் முத்திரை பார்த்துத்தான் எடுத்தேன்.
கேக், எதிர் வீட்டு ரொசித்தா அக்காவுக்கு.
உள்ளே மீன் ஜெலட்டின்; இன்று வெள்ளி, நான் சைவம்.
ருசி பார்க்காமல் இனிப்புச் செய்வதென்றால்
விரல்தான் நாக்கு.

கண்ணாடிக் கிண்ணம், இரண்டு கரண்டி தண்ணீர்,
மைக்ரோவேவில் முப்பது வினாடி.
மார்ஷ்மெல்லோக்கள் ஊதிப் பெருத்து
ஒன்றையொன்று விழுங்கி
கடைசியில் கரண்டியையும் விட மறுத்தன.
சலித்த ஐசிங் சீனி அரைக் கிலோ. இன்னும் ஒட்டியது.
முக்கால். இன்னும்.
செய்முறையில் இருப்பது வேறு ஊர்க் கணக்கு;
புக்கிட் பாத்தோக்கில் மழை விட்ட மாலையில்
சீனிமாவு நம்மைவிட அதிகம் வியர்க்கும்.

உள்ளங்கையில் ஷார்ட்டனிங் தடவிப் பிசைந்தேன்.
சப்பாத்தி மாவு சொன்ன பேச்சைக் கேட்கும்.
இது, கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று நீண்டுவிட்டு
கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பும்
(தனசீலன் கவிதை படிப்பதில்லை, எழுதலாம்).

'பூ வேண்டாம், தங்கத் தூள் வேண்டாம்,
கிரேன் செய்துகொடு' என்றிருந்தார் அக்கா.
பாக் ஹம்சா முப்பத்தோரு வருடம்
பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில்
பதினாலு மாடி உயரக் கூண்டில் குனிந்து உட்கார்ந்து
கப்பலிலிருந்து பெட்டி இறக்கியவர்.
நாளை அவருக்கு ஓய்வு விருந்து.

நீலம் கலந்தேன். முழங்கை வரைக்கும் நீலம்.
சி.எம்.சி. தூள் ஒரு தேக்கரண்டி:
சிட்டிகை கூடினால் வெடிக்கும்,
குறைந்தால் மயங்கி விழும்.
நாலு கால்களும் நின்றன.
நீட்டிய கைதான்
ஐந்து நிமிடத்தில் தலை கவிழ்ந்தது.
சமைக்காத ஸ்பகெட்டியை எலும்பாகச் செருகினேன்.
'ஃபிரிட்ஜில் வையேன்' என்றார் தனசீலன்.
வைக்கலாம். வெளியே எடுத்ததும் அழும்.

மகன் அறையில் ஏர்கானை டிரையில் போட்டு
அவன் மேசைமேல் நிறுத்தினேன்.
கைக்கு முட்டுக் கொடுக்க
சரியான உயரத்தில் அகப்பட்டவை:
அறிவியல் ஒன்று, தமிழ்க் கட்டுரை ஒன்று,
ஆறாம் வகுப்புக் கணிதப் பயிற்சி இரண்டு,
மேலே கொஞ்சம் சோளமாவு.
இரவு இரண்டு மணிக்குத் தொட்டேன், விரல் பதிந்தது.
நாலு மணிக்கு, பதியவில்லை.
நம்பித் தூங்கினேன்.

காலையில் டியூஷனுக்கு நேரமாகிவிட்டதாம்.
கணிதம் இரண்டை உருவிக்கொண்டு ஓடியிருக்கிறான்.
முட்டு ஒரு விரற்கடை இறங்கியது,
கையும் கூடவே இறங்கி
அங்கேயே இறுகிவிட்டது.
லிஃப்ட் மூடிவிட்டது, திட்டவும் ஆளில்லை.
பாதி காய்ந்ததை நிமிர்த்தினால் ஒடியும்.
புதிதாகச் செய்ய மார்ஷ்மெல்லோ இருந்தது,
நேரம் இல்லை.

கீழ்த்தளத்தில் மேசை, பாண்டுங் வாளி, நாற்பது பேர்.
மன்னிப்பை மலாயில் மூன்று வாக்கியமாகக்
கோத்து வைத்திருந்தேன்.
பாக் ஹம்சா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
முகத்தை அதன் அருகே கொண்டுபோய்
நீட்டிய கையின் நுனியையே பார்த்தார்.
வெகு நேரம்.

'நாற்பது டன் தொங்கும்போது
இப்படித்தான் வளையும்.
வளையாவிட்டால்தான் பயம்.
பத்திரிகைக்காரர்கள்கூட நேராகத்தான் வரைவார்கள்.
உனக்கு யார் சொன்னது?'

மகன், என்றேன்.

கேக்கை வெட்டினார்கள். கிரேனை வெட்ட விடவில்லை.
தனித் தட்டில், வெயிலுக்குத் தள்ளி,
மெல்ல வியர்க்கத் தொடங்கியிருந்தது அது.
அவர் எழுந்துபோய்
விருந்தாளிகள் பக்கமிருந்த மின்விசிறியை
அதை நோக்கித் திருப்பிவிட்டு வந்து
உட்கார்ந்தார்.